கீழ்தான் முதல்

உங்கள் முகாமையாளர் தொலைபேசியில் அழைத்து, வானலைக் கந்தோருக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பணி அனுபவம் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார். "தொழில்நுட்பம் வேண்டாம், அது கையேட்டில இருக்கு. கையேட்டில இல்லாததை எழுதுங்கோ" என்றார். அந்தக் கையேட்டை எழுதியவன் நான். அதில் என்னென்ன இல்லை என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. ஆகவே ஒப்புக்கொண்டேன்.

என்னைப் பெரிய ஆளாக நினைக்கவேண்டியதில்லை. ஐம்பது தாண்டியதும் முதுகுவலியால் முன்கூட்டியே ஓய்வுபெற்றவன். பிரியாவிடையில் பேசியவர் "இந்த மண்ணுக்காக உழைத்து வளைந்த முதுகு" என்றார். உண்மையில் வளைந்திருந்தது நான் உட்கார்ந்த கதிரை. அது இன்னும் கந்தோரில் இருக்கிறதாம். உங்களில் யாருக்குக் கிடைத்திருக்கிறதோ அவருக்கு என் அனுதாபங்கள்.

போர் முடிந்த பிறகு மீள்குடியேற்றக் காலம். சனம் தகரமும் தறப்பாளும் கோழியுமாக லொறிகளில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மன்னார்த் தீவுப் பேசாலைக்காரருக்குக் கடலுக்குப் போக மறுபடி அனுமதி கிடைத்து, ஏதோ ஒரு திட்டத்தில் படகுகளுக்கு வானொலித் தொடர்பாடல் செற்றும் கிடைத்திருந்தது. எஞ்சின் நின்றாலும் காற்று மாறினாலும் எல்லாரும் பேசுவது ஒரே அலைவரிசையில். அந்த அலைவரிசையில் காலை வேளைகளில் ஒரு சத்தம் வந்து விழத் தொடங்கியது. தகரப் பீப்பாவுக்குள் சல்லிக்கல் போட்டு உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அது வரும்போது வேறெதுவும் கேட்காது. ஒரு நாள் எஞ்சின் நின்ற படகொன்று கத்திக் கத்திப் பார்த்தும் எவர் காதிலும் விழாமல், நீரோட்டத்தோடு போய் விடத்தல்தீவுப் பக்கம் ஒதுங்கியது. அதிலிருந்தவர்கள் பசியோடும் மகா கோபத்தோடும் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

உடனே ஒரு குழு அமைந்தது. பெயர், கரையோர வானலை இடையூறு ஒழிப்பு இணைப்புக் குழு. அதற்குத் தலைவர் பேசாலையில் நாலைந்து படகு வைத்திருந்த சம்மாட்டியார். பாதுகாப்புத் தரப்பிலிருந்து ஓர் அதிகாரி. அவர் தமிழை வகுப்பில் படித்தவர். ஆகவே எங்கள் எல்லாரையும்விடத் திருத்தமாகப் பேசினார். தொழில்நுட்ப ஆலோசகர் நான். எனக்கு உதவியாக எருக்கலம்பிட்டி நஸீர். உயரமான எந்தக் கூரையிலும் எந்த அன்ரெனாக் கம்பியையும் நிமிர்த்தக்கூடியவர். அதைத் தன் வாயாலேயே அடிக்கடி சொல்லவும் கூடியவர்.

வெளிநாட்டு உதவியாக வந்த பதிவுப் பெட்டி ஒன்றை, பேசாலைக் கரையில் மீனுக்கு ஐஸ் போடுகிற ஐஸ் வாடிக் கூரையில் நஸீர் பூட்டினார். அதற்கு இரண்டு கம்பிகள், கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. வானத்தில் வருகிற எல்லாவற்றையும் அந்தப் பெட்டி எண்களாக எழுதி வைக்கும். பிறகு கணினியில் போட்டு, வேண்டிய குரலை நாங்கள் பிரித்தெடுக்கவேண்டும். எந்தக் கம்பிக்கு ஓர் இம்மி முந்திச் சத்தம் கேட்டதோ அந்தப் பக்கம்தான் ஆள். இவ்வளவுதான் தத்துவம்.

இதில் ஒரு சிக்கல். பெட்டியின் சேமிப்பு அட்டை சின்னது. அதனால் அது எண்களை நெருக்கி அடைத்து வைக்கும். மன்னார் பஸ்ஸில் மூன்று பேர் இருக்கிற சீற்றில், ஒன்றரை ஆள் பருமனுள்ள இரண்டு பேர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுச் சீற்றில் ஆளுக்குப் பாதி. பெட்டியும் அப்படித்தான், கம்பிக்கு ஒன்றாக இரண்டு எண்ணை மூன்று பைட்டுக்குள் இருத்தியிருந்தது. எங்கள் மென்பொருளுக்கோ ஆளுக்கு இரண்டு சீற் வேண்டும். இருவரையும் எழுப்பி வசதியாக இருத்துகிற புரோகிராமை நான் எழுதினேன். நடு பைட்டில் எந்தப் பாதி முதலாமவருடையது என்பதுதான் கேள்வி, கீழ்ப்பாதியா மேல்பாதியா? மாறிப்போனால் ஒருவரின் இடுப்பில் மற்றவரின் கால் முளைத்துவிடும்.

பெட்டியோடு வந்த விளக்கத்தாள் நஸீரிடம் இருந்தது. தொலைபேசியில் கேட்டேன்.

"நஸீர், அதில எது முதல்?"

"கீழ்தான் முதல் அண்ணன்."

"கீழ் முதல், மேல் பிறகு?"

"ஓம் ஓம். கீழ் முதல், மேல் பிறகு. நானே கையால பூட்டினது, பிழைக்காது."

"வடிவாத் தெரியுமோ?"

"அண்ணன், எனக்குக் கீழ் மேல் தெரியாதா? எங்கட வாப்பா என்னை மடியில வச்சு முதல் சொல்லித் தந்ததே அதுதான்."

அரை பைட்டைக் கையால் பூட்டுகிற மனிதன் உலகத்தில் இல்லை. அதை மடியில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிற தகப்பனும் இல்லை. இதெல்லாம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. கேட்ட கேள்விக்கு விரும்பிய மாதிரிப் பதில் கிடைத்துவிட்டால் அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை என்று நினைக்கிற பரம்பரை நான். கீழ்ப்பாதியை முதலாமவருக்குக் கொடுத்தேன். முதலாமவர் மேற்குக் கம்பி, இரண்டாமவர் கிழக்குக் கம்பி என்று நானாகவே ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். நான் மேற்கு வாசல் வீட்டில் பிறந்தவன் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்கே தெரியாது.

இன்னொன்று, அந்தக் கோப்பு என்ன வேகத்தில் பதிவானது என்பது கோப்புக்குள் எங்கும் இல்லை. ஓர் ஆம்பிளை பேசுகிற மாதிரிக் கேட்கும்வரை வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்து, அந்த இடத்தில் நிறுத்தினேன். கடல் செற்றில் பெண் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

சல்லிக்கல் சத்தம் பேச்சாக மாறியது. ஒவ்வொரு சொல்லும் தெளிவு. நான் எழும்பி நின்று எனக்கு நானே கை கொடுத்துக்கொள்ளாத குறை. பிள்ளைகளே, இந்த இடத்தில் கவனமாக இருங்கள். தெளிவாகக் கேட்டால் எல்லாம் சரி என்று ஒரு மயக்கம் வரும். அன்றைக்கு நடு பைட் மட்டும்தான், அதுவும் அதிர்ஷ்டத்தால், சரியாக இருந்தது.

குழுவைக் கூட்டி ஒலிபெருக்கியில் போட்டேன். எருமை வாய் திறந்ததுபோல ஒரு கனத்த ஆண் குரல், ஆறுதலாக, இழுத்து இழுத்துப் பேசியது.

"பொடியன் நாளையிண்டைக்கு வாறான்... ஓம், ஆக்களோடதான்... இஞ்ச எல்லாம் ஆயத்தம்... சீச்சீ, வெளியில ஒருத்தருக்கும் சொல்லேல்லை... கண் படும்."

வீட்டில் பாயில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு இது என்ன பேச்சு என்று உடனே விளங்கியிருக்கும். அந்தக் காலத்தில், அந்த அறையில், அந்த அதிகாரிக்கு முன்னால், 'பொடியன்' என்ற, இயக்கக்காரரையும் குறித்த சொல் கேட்டதும் எங்கள் காதுகள் தாங்களாகவே மூடிக்கொண்டன. நான் மின்விசிறியைப் பார்த்தேன். நஸீர் தன் செருப்பைப் பார்த்தார்.

அதிகாரி கேட்டார், "ஐயா, பொடியன் என்பதன் பொருள் யாது?"

"ஆம்பிளைப் பிள்ளை, ஐயா. சின்னப் பிள்ளையையும் சொல்லுறது, வளந்த ஆளையும் சொல்லுறது."

"எங்கள் வகுப்பில் வேறொரு பொருளும் கூறினார்கள்."

"அது... அதுவும் இருந்தது."

"கண் படும் என்றால் கண்காணிப்பில் அகப்பட்டுவிடும் என்று பொருளா?"

"அப்பிடியில்லை ஐயா, அது கண்ணூறு, நாவூறு..." என்று தொடங்கினேன். நாவூறு என்றால் என்ன என்று அவர் கேட்டார். அதை அந்தச் சூழ்நிலையில் விளங்கப்படுத்துகிற துணிவு எனக்கு வரவில்லை.

சம்மாட்டியார் மேசையில் தட்டினார். "உந்தக் குரல் எங்கட ஊர்க் குரல் இல்லை. பேசாலையில ஒருத்தரும் உப்பிடி எருமைக்கிடா மாதிரிக் கதைக்கிறேல்லை. எழுதிக்கொள்ளுங்கோ." அதிகாரி எழுதிக்கொண்டார்.

பிறகு திசை. என் கணக்குப்படி கிழக்கு, சற்றே தெற்குச் சாய்ந்து. அதிகாரி வரைபடத்தை விரித்துப் பேசாலையில் அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறினார். கோடு மன்னார் பட்டினத்து அரசாங்கக் கந்தோர்களைத் தாண்டியது. கந்தோர்களைச் சந்தேகிக்க முடியாது. பாலத்தைத் தாண்டியது, ஒரு முகாமைத் தாண்டியது. முகாமையும் சந்தேகிக்க முடியாது. ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம். கடைசியில் உயிலங்குளத்துக்கு வந்து, மறுப்புச் சொல்ல வழியில்லாத முதலாவது இடத்தில் நின்றது. அது ஒரு வயல்.

"ஐயா, அவ்வளவு தூரத்திலயிருந்து இவ்வளவு பலமா வராது" என்றேன்.

"அப்படியானால் எத்துணை ஆற்றல் வாய்ந்த கருவியைப் புதைத்திருக்கிறார்கள், பாருங்கள்" என்றார் அதிகாரி.

வயல் நல்லையா என்பவருடையது. இடப்பெயர்வுக்குப் பிறகு மனைவி பூமணியோடு திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் இருந்தார். மிதிவெடி அகற்றி வயலைக் கையில் கொடுத்த அன்றைக்கே அவருடைய நிவாரண அரிசி நின்றுவிட்டது. வயல் இருக்கிறவருக்கு எதற்கு நிவாரணம் என்பது விதி. மாரி தொடங்க முதல் விதைக்கவேண்டும். விதைநெல் கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு எடுத்து மூட்டையாகக் கொட்டிலுக்குள் இருந்தது. வடக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அதிகாரியின் ஆட்கள் வந்து வயலைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள்.

ஆலோசகர் என்ற முறையில் நானும் அங்கே நிற்கவேண்டியிருந்தது. நல்லையா என்னிடம் வந்தார். சட்டை போடாத, நெடுத்த மனிதர்.

"தம்பிதானோ இஞ்ச றேடியோ புதைச்சுக் கிடக்கு எண்டு சொன்னது?"

"நான் திசைதான் சொன்னனான், ஐயா."

"திசை எண்டால் எனக்கு அங்கால எத்தினை வயல் கிடக்கு? பின்ன என்ரையை ஏன் பிடிச்சனீங்கள்?"

"கோடு இஞ்சதான் முடிஞ்சது."

"கோட்டை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாமே. அடிமட்டம் காணாமல் போச்சோ?"

அடிமட்டம் உண்மையிலேயே அவ்வளவு நீளம்தான்.

உலோகம் தேடும் கருவி வயலின் நடுவில் பீப் என்றது. ஆட்கள் தோண்டினார்கள். பல வருடம் தரிசாய்க் கிடந்த நிலம், நாயுருவியும் உடைமர வேரும் பின்னிப் போயிருந்தது. வேரையெல்லாம் வெட்டி எறிந்து, மிதிவெடி அகற்றியவர்கள் தொடாத ஆழத்துக்குத் தோண்டினார்கள். தறப்பாளில் சுற்றிய ஏதோ ஒன்று வந்தது. அதிகாரி எல்லாரையும் பின்னால் போகச் சொன்னார். அவிழ்த்தால் ஒரு சக்கரமும் கைப்பிடியும்.

"இது மின்பிறப்பாக்கியா?" என்றார் அதிகாரி.

பூமணி அக்கா நாடாவைக் குனிந்து தாண்டி ஓடிவந்தார். "என்ர மெசின்! ஐயோ, என்ர தையல் மெசின்! வந்த நாளிலயிருந்து தேடுறன். இந்த மனுசன் வேலியோரம் தாட்டது எண்டு சொல்லி என்னை வேலி முழுக்கக் கிண்ட வச்சவர்!"

"ஏன் புதைத்தீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"தூக்கிக்கொண்டு ஓடேலாதே, ஐயா."

அதிகாரி குனிந்து சக்கரத்தை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "சக்கரம் இன்னமும் சுற்றுகிறது" என்றார். பூமணி அக்கா அதை மடியில் வைத்து மண் துடைக்கத் தொடங்கினார். இந்த இடத்தில் அதிகாரி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அவருடைய முகமும் அப்படித்தான் இருந்தது. ஆனால் என்னுடைய திசை எழுத்தில் இருந்தது. பெட்டி பொய் சொல்லாது என்று மேலிடத்துக்கு அவர் ஏற்கெனவே அறிவித்துமிருந்தார். அடுத்த பீப்புக்குப் போனார்கள். ஒரு குத்துவிளக்கு, ஒரு சைக்கிள் றிம், யாரோ அயலவரின் இடியப்ப உரல். ஒவ்வொன்றையும் தறப்பாளில் வரிசையாக வைத்துப் படம் எடுத்தார்கள்.

மறுநாள் காலையும் தோண்டிக்கொண்டிருக்கும்போது பேசாலையிலிருந்து நஸீர் அழைத்தார். "அண்ணன், சத்தம் இப்பவும் வருது. நல்லா வருது."

நாங்கள் குழியைச் சுற்றி நிற்கிறோம். குழியில் இரண்டு பேர் நிற்கிறார்கள். இவர்கள் மண்வெட்டிக்குக் கீழேயிருந்து ஒருவர் பொடியனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவேண்டும். அதிகாரியிடம் சொன்னேன். அவர் ஆட்களைப் பார்த்து, "இன்னும் ஆழமாக" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்த ஒரு குரலைத் தெரிந்த ஓர் இடத்திலிருந்து பேச வைத்து, அது எங்கே வருகிறது என்று நான் ஒருதரமும் பார்க்கவில்லை. முதல் வேலையாகச் செய்யவேண்டியது அது. (கையேட்டில் இப்போது இருக்கிறது, எழுதியது அதற்குப் பிறகு.)

பேசாலைச் சூசையின் படகு அன்று தலைமன்னார்ப் பக்கம், அதாவது ஐஸ் வாடிக்கு மேற்கே நின்றது. கைத்தொலைபேசியில் பிடித்து, செற்றில் ஏதாவது பேசச் சொன்னேன். சத்தம் ஓய்ந்த ஓர் இடைவெளியில் நஸீர் சில செக்கன் பதிவை எடுத்து இணையத்தில் அனுப்பினார். உயிலங்குளத்தில் இணையச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம், றோட்டோரம் கழற்றி விட்டிருந்த உழவு மெசின் இழுவைப் பெட்டியின் மேல்தட்டு. அதில் ஏறி நின்று கணினியைத் திறந்தேன்.

சூசையின் குரல் எருமைக்கிடா மாதிரி வந்தது. "அலோஓஓ... சூசை கதைக்கிறன்... இஞ்ச சூடை மீன் ஒண்டையும் காணேல்லை..." சூசைக்கு இயல்பிலேயே கீச்சுக் குரல். வேகம் பிழை. திசையைப் பார்த்தேன். கிழக்கு, சற்றே தெற்குச் சாய்ந்து. சூசையின் படகு நல்லையாவின் வயலுக்குள் நின்றது.

நஸீரை அழைத்தேன். "நஸீர், கீழ் முதல் எண்டு சொன்னீங்களே, என்ன கீழ்?"

"கீழ்க் கம்பி."

"கீழ இருக்கிற கம்பியோ?"

"ரெண்டும் ஒரே உயரம் அண்ணன். கீழ் எண்டால் கிழக்கு. மேல் எண்டால் மேற்கு. எங்கட வாப்பா கடலில அப்பிடித்தான் சொல்லுவார். கொழும்புப் பக்கத்தை மேல்மாகாணம் எண்டு ஏன் சொல்லுறது, ஆகாயத்திலயா இருக்கு?"

"நான் கேட்டது பைட்டின்ர கீழ்ப்பாதி!"

"பைட்டுக்கு ஏது கிழக்கு?"

"அதைத்தான் நானும்..."

"நீங்கள் தமிழில கேட்டீங்க, நான் தமிழில சொன்னன். பிழை எங்க?"

பிழை எங்கேயும் இல்லை. அதுதான் கொடுமை. இரண்டு பேரும் முழுச் சரியாகப் பேசி, முழுச் சரியாக விளங்கிக்கொண்டு, ஒரு மனிதனின் வயலைக் கிண்டிவிட்டோம்.

நஸீருக்கு மூளை வேகமாக வேலை செய்யும். "அண்ணன், ஒண்டும் பதறாதீங்க. ஆள் இடம் மாறிட்டான் எண்டு சொல்லுவம். நேத்துக் கிழக்கில இருந்தான், இண்டைக்கு மேற்கில. உங்களுக்கும் பேர், எனக்கும் பேர், அவருக்கும் பேர்."

சொன்னால் நம்பாமல் இருக்கமாட்டீர்கள். எனக்கு அது மிக நல்ல யோசனையாகத்தான் பட்டது. எவருக்கும் மானக்கேடு இல்லை. அறிக்கையில் ஒரு வரி. ஆனால் ஆள் இடம் மாறினான் என்றால், முதலில் இங்கே இருந்தான் என்று ஆகிவிடும். முன்னர் பாவிக்கப்பட்ட இடம் என்று இந்த வயலுக்கு ஒரு பெயர் வந்துவிடும். நாடா அவிழாது. மழை வரும். இழுவைப் பெட்டியில் நின்றபடி பார்த்தேன். நல்லையா கொட்டில் வாசலில் குந்தியிருந்து விதைநெல்லில் கை விட்டு அளைந்துகொண்டிருந்தார், சூடு ஏறிவிட்டதா என்று பார்க்கிறவர்போல.

"இல்லை நஸீர்" என்றேன். "இஞ்ச ஒருத்தனும் ஒருநாளும் இருக்கேல்லை."

இறங்கிப் போய் அதிகாரியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "நேற்று மிகத் தெளிவாகக் கேட்டதே? தாங்கள் தாமே பெட்டி பொய் சொல்லாது என்றீர்கள்?" நான் அப்படிச் சொல்லவில்லை, அது அவருடைய வசனம். ஆனாலும் மனிதனை நம்பாமல் பெட்டியை நம்புகிறவரிடம் மனிதப் பேச்சுப் பேசிப் பயனில்லை. கணினியைத் திருப்பிக் காட்டினேன்.

"ஐயா, இது சூசையின்ர படகு. இந்த நிமிசம் கதைக்கிறார். பெட்டியின்ர கணக்குப்படி அவர் எங்க நிக்கிறார் எண்டு நீங்களே பாருங்கோ."

அதிகாரி பார்த்தார். சிவப்புக் கோடு நேற்றைய கோட்டின் மேலேயே கிடந்தது. தலையை நிமிர்த்தி வயலைப் பார்த்தார். வரம்பு, குழிகள், இரண்டு எருமை, தூரத்தில் ஒரு கொக்கு. கையை நெற்றியில் வைத்துக்கூடப் பார்த்தார்.

"படகு இல்லை" என்றார் கடைசியில்.

"இல்லை ஐயா."

"படகு கடலில் இருக்கிறது."

"ஓம் ஐயா. மேற்கில."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அப்படியானால் அந்த எருமைக்குரலோன் எங்கே?"

முதலாமவர் கிழக்குக் கம்பி, இரண்டாமவர் மேற்குக் கம்பி என்று மாற்றி எழுதி, சூசையின் குரல் கீச்சென்று வரும்வரை வேகத்தைத் திருத்தி, பழைய பதிவை மறுபடி ஓட்டினேன். எருமைக்கிடா மறைந்தது. குடும்பப் பாங்கான ஒரு பெண் குரல், அவசர அவசரமாக, "பொடியன் நாளையிண்டைக்கு வாறான்" என்றது. திசை மேற்கு. ஐஸ் வாடிக்கு மேற்கே, கரையோரமாக, மாடி வைத்த வீடு ஒன்றே ஒன்று.

ஜீப் சம்மாட்டியார் வீட்டு வாசலில் நின்றபோது அங்கே ஏற்கெனவே ஒரு வான் நின்றது. விறாந்தையில் புது ஆட்கள் பத்துப் பேர், தட்டில் பயத்தம் பணியாரம், தேத்தண்ணி. சம்மாட்டியாரின் மனைவி நீட்டுக் கம்பியுள்ள ஒரு கம்பியில்லாத் தொலைபேசியைக் காதில் வைத்தபடி முற்றத்தில் நடந்து நடந்து, "ஓம் மச்சாள், வந்திட்டினம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொழும்பில் வாங்கியதாம். கடற்கரை முழுக்க எடுக்கும் என்று கடைக்காரன் சொன்னானாம். கடைக்காரன் பொய் சொல்லவில்லை. கடல் முழுக்கவே எடுத்தது.

அதிகாரி விறாந்தையில் ஏறி, தன் திருத்தமான தமிழில், "பொடியன் யார்?" என்று கேட்டார்.

கழுத்துப்பட்டி கட்டி, பிஸ்கட் பெட்டியை மடியில் வைத்திருந்த ஒரு மெலிந்த இளைஞனை எல்லாரும் ஒரே நேரத்தில் காட்டினார்கள். அவன் பெட்டியோடு எழும்பி நின்றான். மாப்பிள்ளை வீட்டுத் தாய்க்கு அதிகாரி பெண் வீட்டுச் சொந்தம் என்று நினைப்பு. "இருங்கோ தம்பி, தேத்தண்ணி குடியுங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டார். அதிகாரி இருந்தார். வேறென்ன செய்வது?

சம்மாட்டியார் என்னை வேலிப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "தம்பி, உண்மையா அந்த எருமைக்கிடா..."

"வேகம் பிழைச்சுப் போச்சு, சம்மாட்டியார்."

"அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். தொலைபேசியை அன்றைக்கே சுவரிலிருந்து கழற்றினார்கள். அடுத்த காலை அலைவரிசை சுத்தமாக இருந்தது. பொடியன் சம்மாட்டியாரின் மகளுக்குப் பிடித்துப்போனான் என்றும் கேள்வி. அதை வானலையில் அல்ல, வாயால்தான் கேட்டேன்.

நாடாவை அவிழ்க்க அதிகாரியே வந்தார். இதில் அவரை நான் மதிக்கிறேன், ஆளை அனுப்பியிருக்கலாம். நல்லையாவின் முன்னால் நின்று, "தவறு நேர்ந்துவிட்டது. வருந்துகிறோம்" என்றார். நல்லையாவிடம் யாரும் அவ்வளவு செந்தமிழில் வருந்தியதில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்து, "என்னவாம்?" என்றார்.

"வயல் உங்கடைதானாம்."

"அது எனக்குத் தெரியும்" என்றார்.

ஜீப் போனபிறகு அவர் வயலைச் சுற்றி நடந்தார். நான் பின்னால் நடந்தேன். குழிகள் குழிகளாக, ஆனால் வேர் ஒன்றும் இல்லை. உடைமரத் தூரெல்லாம் வெளியே குவிந்து கிடந்தது. மண் புரண்டு கறுப்பாக, ஈரமாக இருந்தது. ஒரு காலை மண்ணுக்குள் அமத்திப் பார்த்தார். கணுக்கால்வரை போனது. தெற்கு மூலையில் மட்டும் ஒரு துண்டு, கருவி பீப் சொல்லாத துண்டு, வேரும் பற்றையுமாக அப்படியே நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி."

"சொல்லுங்கோ, ஐயா."

"அந்தத் துண்டுக்குள்ளயும் ஒரு றேடியோ கிடக்கு எண்டு சொல்லேலாதோ? சின்னதா ஒண்டு. அரை நாள் தோண்டினால் காணும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உழவு மெசின்காரன் அந்தப் பக்கம் வர இன்னும் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். மேகம் தலைக்கு மேலே வந்திருந்தது.

என் தொழிலில் பொய் அறிக்கை கேட்டு வந்தவர்கள் பலர். பெரிய ஆட்கள், நல்ல கதிரை உள்ளவர்கள். கொடுக்கவேண்டும் என்று மனதாரத் தோன்றியது அந்த ஒருவருக்கு மட்டும்தான்.

"ஏலாது ஐயா" என்றேன்.

"நினைச்சனான்" என்றார். கொட்டிலுக்குள் போய் மண்வெட்டிகளைத் தூக்கி வந்தார். இரண்டு. ஒன்றை என் காலடியில் போட்டார்.

மூன்றாவது கொத்திலேயே என் முதுகு கதிரையைக் கேட்டது. "ஆழமா, தம்பி, ஆழமா" என்றார் நல்லையா. மழை நாங்கள் கடைசித் தூரைப் புரட்டும்வரை பொறுத்திருக்கவில்லை. நனைந்துகொண்டே புரட்டினோம். பூமணி அக்கா தகரக் கொட்டிலுக்குள் தன் மெசினில் சாக்குகளைத் தைக்கிற சத்தம் மழையோடு மழையாகக் கேட்டது. விடிய நல்லையா விதைத்தார்.